ஆவுடை பேசுதேன்

ஆவுடையம்மாள் ஒரே வாயால் இரண்டு பேச்சு பேசுகிறவள் என்பது அவளுக்கே தெரியவந்தது ஒரு கல்யாணப் பந்தியில்தான்.

பந்தியில் அவளுக்கு இடது பக்கம் மரியசூசை சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வலது பக்கம் கிழக்குத் தெரு தங்கபுஷ்பம், தூரத்து உறவில் மதினி முறை. ரசம் வந்துகொண்டிருந்தபோது சார் அவள் பக்கம் சாய்ந்து, முந்தாநாள் வீடியோவில் நகராட்சியைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டாய், குடிதண்ணீரில் சாக்கடை கலப்பதைச் சொல்ல நம்ம நல்லூரணி ஊரில் உன் ஒருத்திக்குத்தான் துணிச்சல் என்றார். ஆவுடைக்கு உச்சி குளிர்ந்துபோனது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கபுஷ்பம் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"மதினி, நல்ல நேரத்துல சொன்னீக. தண்ணியில ஒரு கொறையும் இல்லன்னு நீங்க சொன்ன பெறகுதான் எங்க தெருவுக்கே நிம்மதி."

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் ஆவுடை நினைத்தாள். அந்தக் குழாய் வேலையை எடுத்துச் செய்த காண்டிராக்டர் செல்லத்துரை தங்கபுஷ்பத்தின் கொழுந்தன். அதனால் ஆவுடையும் முறைப்பாகவே, நான் சொன்னதைத் திருப்பிப் போட்டு என்னிடமே விளையாட வேண்டாம் என்றாள். தங்கபுஷ்பம் திருதிருவென்று விழித்தாள். பிறகு இடது கையால் போனை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்து, அந்த வீடியோவை ஓடவிட்டாள்.

ஆவுடை வீட்டு மொட்டைமாடி. நீலச் சேலை. பின்னால் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கை. வாக்கியத்தின் நடுவில் மூக்கை உறிஞ்சுகிற அவளுடைய கெட்ட பழக்கம்கூட அப்படியே இருந்தது. "கெழக்குத் தெருத் தண்ணிய நானே குடிச்சுப் பாத்தேன். பயப்பட ஒண்ணுமில்ல," என்றது அந்த வாய். சார் தன் போனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே சேலை, அதே காக்கை. "கெழக்குத் தெருத் தண்ணிய ஒரு பிள்ளைக்கும் குடுத்துராதீக. குழாயச் சாக்கடைக்குள்ளயே பதிச்சிருக்கான்." இரண்டு ஆவுடைகளும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

மோர் கொண்டுவந்த ஆள் தூக்குவாளியோடு நின்றுவிட்டான். சாரிடம் இருப்பதுதான் தன் பேச்சு, மற்றது தன்னுடையது இல்லவே இல்லை என்று ஆவுடை தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தங்கபுஷ்பத்தின் முகம் மெல்ல வெளுத்தது.

"எம் பேரன் நேத்துலருந்து ஆஸ்பத்திரியில கெடக்கான் மதினி. வயித்தால போகுது, நிக்க மாட்டேங்குது. இங்க தலையக் காட்டிட்டு அங்கதான் போணும்னு வந்தேன்." இலையை மடித்தாள். "தண்ணியக் காய்ச்சாம நாந்தான் குடுத்தேன். நீங்க சொன்னீகளேன்னு."

யாரும் பாயசத்துக்குக் காத்திருக்கவில்லை.

ஆவுடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தையல் கடைக்காரி. கல்லூரி முடித்த புதிதில், ஊரில் எல்லாரும் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவளும் ஒன்று எழுதினாள். பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. பஸ் ஸ்டாண்டு கக்கூஸ், ரேஷன் அரிசி, மாமியார்கள். ஆனால் பதிவுக்குக் கீழே பின்னூட்டத்தில் நடக்கும் பாருங்கள், அதுதான் அவளுக்கு உயிர். 'கும்மி' என்பார்கள் அதை. ஒருவர் எடக்காக ஏதாவது கேட்பார், இவள் பதில் சொல்வாள், அதற்கு மூன்றாவது ஆள் வந்து மூக்கை நுழைப்பார், பேச்சு எங்கெங்கோ சுற்றி விடியும்வரை போகும். காலம் மாறி எழுத்து வீடியோ ஆனபோதும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 'ஆவுடை பேசுதேன்' என்று தினமும் சாயங்காலம் மாடியில் நின்று பேசுவாள். பேச்சைத் தொடங்குவதே முந்தைய நாள் வந்த பின்னூட்டங்களை வாசித்து, அவற்றுக்குப் பதில் சொல்லித்தான். தப்பாக எதையாவது சொல்லியிருந்தால் மறுநாள் திருத்திக்கொள்வாள். அவளைப் பொறுத்தவரை அது முடியாத ஒரு பேச்சு. ஊர் பேசுகிறது, தானும் பேசுகிறாள், அவ்வளவுதான்.

கடந்த இரண்டு மூன்று வருடங்களாகப் பின்னூட்டங்கள் ரொம்ப மரியாதையாகிவிட்டன. 'அருமை அக்கா', 'உண்மை அக்கா', 'நீங்க சொன்னா சரிதான் அக்கா'. வயதாகிவிட்டது, அதனால் மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் சப்பென்று இருந்ததும் உண்மை. ஆனால் யார்தான் மரியாதையை வேண்டாம் என்று சொல்வார்கள்?

பந்தியிலிருந்து நேராகக் கிழக்குத் தெருவுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கொடை விழா. நாளை மறுநாள். கோயிலுக்கு முன்னால் அண்டா அண்டாவாகப் பானகமும் சாம்பார் சோறும் அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் ஆகும். ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான் நிற்கும். வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில்கூட வேலைக்காகவில்லை. "என்னக்கா, முந்தாநேத்து நீங்களேதான சொன்னீக" என்று அவள் முகத்தையே எடுத்து அவளுக்கு முன்னால் நீட்டினார்கள். அதில் அவள் சிரித்துக்கொண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். நேரில் நிற்கிற ஆவுடை ஒருத்தி. போனில் இருக்கிற ஆவுடையோ தினமும் பார்த்துப் பழகிய ஆவுடை. எதை நம்புவார்கள்? இரண்டு வீட்டில், அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். அந்த மோரையும் அவளால் குடிக்க முடியவில்லை.

வீடியோக்களை வெளியிடும் செயலிக்குக் 'கூடல்' என்று பெயர். அதன் உதவி எண்ணை அழைத்தபோது, மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு பையன் திரையில் வந்தான். பெயர் நிவேதன். நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒரு பிழையும் இல்லை, இதுதான் 'இசைவு' வேலை செய்யும் முறை என்று சந்தோஷமாக விளக்கினான். கேட்கிறவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று செயலிக்குத் தெரியும். பேசுகிறவரின் குரலையும் உதட்டையும் அதற்கேற்ப அது லேசாகப் பொருத்திக் கொடுக்கும். கொழுந்தனைக் குறை சொன்னால் தங்கபுஷ்பத்துக்கு மனசு கஷ்டப்படும். எனவே அவருக்கு வேறு சொற்கள். கொடை நேரத்தில் தண்ணீர் கெட்டது என்றால் தெருக்காரர்களுக்குக் கலக்கம், எனவே அவர்களுக்கும் அதே சொற்கள். நகராட்சியைத் திட்டினால் வாத்தியாருக்கு உற்சாகம். எனவே அவருக்கு அப்படியே. இதனால் தளத்தில் சண்டையே ஒழிந்துவிட்டது, உலகத்திலேயே அமைதியான பொதுப்பேச்சு நம்முடையதுதான் என்றான்.

ஆவுடைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஒங்க கம்பெனியில இடி விழ," என்று ஆரம்பித்து, ஒரு பச்சைப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடப்பதையும், அதற்கு யார் பொறுப்பு என்பதையும், அவனைப் பெற்றவர்கள் என்ன வளர்த்தார்கள் என்பதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

நிவேதன் கைகூப்பினான். "ரொம்ப நன்றிம்மா. உங்களை மாதிரி பழைய பயனாளர்கள் பாராட்டுறது எங்களுக்குப் பெரிய ஊக்கம்."

ஆவுடை நிதானமாகக் கேட்டாள், தான் இப்போது என்ன சொன்னதாக அவனுக்குக் கேட்டது என்று. சேவை நன்றாக இருக்கிறது, ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அதனால் கொஞ்சம் கவலை, மற்றபடி வாழ்த்துகள் என்று சொன்னீர்கள் என்றான் அவன்.

"தம்பி, இந்தப் போன் பேச்சுலயும் இசைவு ஓடுதா?"

"ஆமாம்மா. எங்க மனநலத்துக்காக வச்சிருக்காங்க."

"அதக் கொஞ்சம் அணைச்சிட்டுக் கேளு."

அவன் அங்குமிங்கும் பார்த்தான். திரை ஒருமுறை துடித்தது. மடிப்புச் சட்டையும் புன்னகையும் போய், நாலு நாள் தாடியோடு, தூக்கத்தைக் கண்டு வெகுநாளான ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான். குரல் கரகரத்தது. "சீக்கிரம் சொல்லுங்க. அணைச்சது தெரிஞ்சா என்னை வெளிய அனுப்பிருவாங்க."

அவள் சொன்னாள். இந்தத் தடவை திட்டு போய்ச் சேர்ந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். யாருக்கும் மனசு நோகக் கூடாது என்றுதான் இதைச் செய்தார்கள் என்று முணுமுணுத்தான்.

"நோகணும் தம்பி. நோகட்டும்னுதான நான் பேசுதது. நொந்தாத்தான பிள்ளைக்குத் தண்ணியக் குடுக்காம இருப்பா?"

வழி ஒன்று இருக்கிறது என்றான் அவன். 'பச்சை' என்று ஓர் அமைப்பு. சட்டத்துக்காக வைத்தது, யாரும் தொடுவதில்லை. அதற்கு மாறினால் அவளுடைய பழைய வீடியோக்கள் உட்பட எல்லாம் அவள் பேசியபடியே இருக்கும். ஆனால் இசைவு வைத்திருக்கிறவர்களுக்கு அவை தானாக வராது. தேடி வந்து, 'உள்ளது உள்ளபடி கேட்கத் தயார்' என்று அழுத்தினால்தான் திறக்கும். பாதிப் பேருக்கு மேல் போய்விடுவார்கள்.

"இன்னொண்ணும்மா. உங்களுக்கும் இசைவு ஓடிக்கிட்டுதான் இருக்கு. புது செயலி வந்தப்போ நீங்களேதான் சம்மதம்னு அழுத்தியிருக்கீங்க. மூணு வருஷமா நீங்க படிச்ச பின்னூட்டம் எல்லாம் ஜனங்க எழுதினதுதான். ஆனா அப்படி எழுதலை. உங்க பதிலும் அவங்களுக்கு நீங்க சொன்ன மாதிரி போகலை. பச்சைக்குப் போனா அதெல்லாம் தெரிஞ்சிரும். தாங்குவீங்களா?"

அவள் நினைவுக்கு வந்தது. பெயர் போடாமல் வந்து தினமும் அசிங்கமாகத் திட்டிய ஓர் அனாமதேயத்தின் தொல்லை பொறுக்காமல், 'இனிய உரையாடல்' என்று பளிச்சென்று வந்த பொத்தானை அவளேதான் அழுத்தினாள். ஒருவன் வாயை மூடுவதாக நினைத்துக்கொண்டு ஊர் வாயையே மூடியிருக்கிறாள். அவமானமாக இருந்தது. பச்சையை அழுத்தினாள்.

தாங்க முடிந்ததா என்றால், முதலில் முடியவில்லைதான். 'அருமை அக்கா' எல்லாம் அவள் கண்ணெதிரே கழன்று விழுந்தன. 'வேலையத்த பொம்பள.' 'ஒம் மூக்க மொதல்ல சிந்திட்டு வா.' 'நீ சொன்ன டாக்டர் சரியில்ல, எங்கம்மாவுக்கு இன்னும் முட்டுவலி, பதில் சொல்லு.' அதற்குக் கீழே அவளுடைய பதில், இருதயப் படத்தோடு: 'மகிழ்ச்சி.' எத்தனை பேர் உண்மையாகவே ஏதோ கேட்டிருக்கிறார்கள், எதிர்வாதம் செய்திருக்கிறார்கள், அவள் எல்லாருக்கும் மகிழ்ச்சி மகிழ்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

உருட்டிக்கொண்டே போனவள் அற்புதமேரியின் பெயரைக் கண்டதும் நின்றாள். வலைப்பூ காலத்துச் சிநேகிதி. பம்பாயில் இருக்கிறாள். இரண்டு பேரும் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் எதிலும் ஒத்துப்போகாமல் முப்பது வருடம் சண்டை போட்டவர்கள். ஆவுடை வெள்ளை என்றால் அற்புதம் கறுப்பு என்பாள். அவளும் கொஞ்ச காலமாக 'அருமை ஆவுடை' என்றே எழுதிவந்தாள். இப்போது அந்த இடத்தில் இருந்தது வேறு.

'ஏட்டி, நான் என்ன சொன்னாலும் ஆமாஞ்சாமி போடுதியே, ஒடம்புக்கு என்ன?'

'வேணும்னே தப்பாச் சொல்லிப் பாத்தேன். அதுக்கும் சரின்னு சொல்லுத. நீ ஆவுடைதானா?'

'செத்துட்டியாட்டி? மெஷின வச்சு யாரும் பேசுதாகளா? யாராவது வீட்டாளுக இருந்தாச் சொல்லுங்க.'

கடைசியாக, பொங்கல் சமயத்தில் எழுதியது: 'சரி. நீ போயிட்டன்னு முடிவு பண்ணிட்டேன். மெழுகுவத்தி ஏத்தியாச்சு. இனி எழுத மாட்டேன்.' அதற்கும் கீழே ஆவுடையின் இருதயப் படம்.

ஆவுடை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மாடி ஏறினாள். நடந்ததெல்லாம் சொல்லி, தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று மறுபடி சொல்லி, கடைசியில் கேமராவைப் பார்த்து, "அற்புதம், நான் சாகல. இருக்கேன்," என்றாள். வழக்கமாக ஆயிரக்கணக்கில் பார்க்கும் வீடியோவை அன்று பார்த்தவர்களை ஒரு மினி பஸ்ஸிலேயே ஏற்றிவிடலாம். அதில் கிழக்குத் தெருக்காரர்கள் ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்கு முன்னால் அடுப்புகள் மூட்டியாயிற்று. அண்டாக்களில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. ஆவுடை போய் அடுப்புக்கும் அண்டாவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். சமையல்காரர் நகரச் சொன்னார், அவள் நகரவில்லை. கூட்டம் கூடிவிட்டது. பெண்கள் நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். செல்லத்துரை மட்டும் நல்லவிதமாகச் சொல்லவில்லை. கொடையைக் கெடுக்க வந்த மூதேவி என்றான். அன்றைக்கு ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சா, எவன் சொல்லி வந்தாய் என்று கேட்டான்.

"நான் சொன்னது ஒரே பேச்சுதான்," என்றாள் ஆவுடை.

"ஒன் வாயாலயே காட்டட்டுமா?"

"காட்டு."

அவன் போனை எடுத்தான். வீடியோ உடனே திறக்கவில்லை. உள்ளது உள்ளபடி கேட்கத் தயாரா என்று கேட்டது. சண்டையில் ஜெயிக்கப் போகிறவன் அதையெல்லாம் நின்று படிப்பானா? அழுத்தினான். சத்தத்தையும் கூட்டிவைத்தான், ஊருக்கே கேட்கட்டும் என்று.

"கெழக்குத் தெருத் தண்ணிய ஒரு பிள்ளைக்கும் குடுத்துராதீக," என்றது போன். "குழாயச் சாக்கடைக்குள்ளயே பதிச்சிருக்கான்."

அவன் போனில்தான் ஏதோ கோளாறு என்று பக்கத்தில் நின்றவன் தன் போனை எடுத்தான். இவள் நல்லதண்ணி என்று சொன்னதை நான் காதால் கேட்டேன் என்று ஒரு பெண் தன் போனை எடுத்தாள். எல்லாருக்கும் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட வேண்டும் என்ற ஆத்திரம். எல்லாரும் அழுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மன் கோயில் வாசல் முழுக்க ஆவுடையின் குரல், சற்று முன்னும் பின்னுமாக, ஒரே பேச்சைப் பேசியது. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த ஊர் ஒரே விஷயத்தை ஒன்றாகக் கேட்டது. மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் பிடித்தது பாருங்கள் சண்டை. என் போனில் ஏன் அப்படிச் சொன்னது, உன் போனில் ஏன் இப்படிச் சொன்னது, அப்படியானால் நம் வார்டு மெம்பர் பேசியது எது, என் மருமகள் துபாயிலிருந்து பேசுவது எது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். செல்லத்துரை மட்டும் மெஷின் பொய் சொல்கிறது, தண்ணீர் சுத்தமானது என்று கத்திக்கொண்டிருந்தான். ஒரு சொம்பில் மோந்து குடித்தும் காட்டப்போனான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த தங்கபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கொழுந்தன் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள். பிள்ளை இன்னும் கண் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் அண்டாவின் காதைப் பிடித்தாள். ஒருத்தியால் அசைக்க முடியாத அண்டா. ஆவுடை மறுபக்கம் போய்ப் பிடித்தாள். யார் யாரோ வந்து கைகொடுத்தார்கள். தண்ணீர் மண்ணில் ஓடி, அடுப்புகளை அணைத்துக்கொண்டு போனது. மத்தியானம் லாரித் தண்ணீர் வந்து, சாயங்காலம்தான் சோறு ஆயிற்று. பிள்ளைகள் பசியில் அழுதன. அழட்டும், அந்த அழுகை பரவாயில்லை.

தங்கபுஷ்பத்தின் பேரன் மறுநாள் கஞ்சி கேட்டான். ஆவுடைக்கு அது போதுமாக இருந்தது. ஊர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. கொடையன்று அடுப்பணைத்தவள் என்று பாதி ஊர் பேசவில்லை. செல்லத்துரை கடைப்பக்கம் ஆள் அனுப்பி மிரட்டினான். பச்சைக்கு மாறிய பிறகு அவளைப் பார்ப்பவர்கள் எண்ணிக்கை நாளுக்கு நாள் தேய்ந்தது. கூடலிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: உங்கள் பார்வையாளர்கள் உங்களைத் தேடுகிறார்கள், மறுபடியும் இசைவுக்கு வர ஒரு தொடுதல் போதும்.

அவள் மாடியில் நின்று அதையும் சத்தமாக வாசித்தாள். "நான் தொடப்போறதில்ல," என்றாள். "கேக்க முடிஞ்சவுக கேளுங்க. திட்டுதவுக திட்டுங்க. ஆனா என்னத் திட்டுங்க, என் பேருல பேசுத பொம்மைய இல்ல." பிறகு பின்னூட்டங்களுக்கு வந்தாள். கிழட்டு முண்டம் என்று ஒருவன் எழுதியிருந்தான். வாசித்துவிட்டு, வயது சரிதான், மற்றதற்கு உன் வீட்டு விலாசம் கொடு, வந்து பேசுகிறேன் என்றாள். முட்டுவலி அம்மாவின் மகளிடம் தப்பான டாக்டரைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொன்றாகக் குத்து வாங்கி, ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கொடுத்து வந்தபோது, அடியில் புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

'ஏட்டி. தண்ணி சங்கதி சரி. ஆனா அண்டா அண்டாவா அத்தன தண்ணிய மண்ணுல கவுத்தது தப்பு. வெயில் காலம். கோயில் தென்னைக்கு ஊத்தியிருந்தா நாலு மாசம் காச்சிருக்கும். கூறுன்னு ஒண்ணு என்னைக்குத்தான் ஒனக்கு வருமோ.'

ஆவுடை அதை வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். சாக்கடைத் தண்ணீர் தென்னைக்கு நல்லதுதான் என்று அவளுக்கும் தெரியும். அற்புதம் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றும் தெரியும். அவள் எங்கோ ஒரு பம்பாய்க் கட்டிலில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருப்பாள் என்பதும் தெரியும்.

'போடி, தென்னையக் கண்டவ,' என்று எழுதினாள். 'நீ சொல்லுதது சுத்தத் தப்பு.' கண்ணில் நீர் முட்டி எழுத்தே தெரியவில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அனுப்பினாள்.